நின்னுதின்னி மேடு

முன்னே ஒரு காலம். மலைக்கு ரோடு ஏறாத காலம். கருங்குயில்மட்டம்னு ஒரு எஸ்டேட்டு. வேற எங்கயோன்னு நெனைக்காதீங்க, இந்த மலைதான். அங்க மாசிலாமணின்னு ஒரு சமையக்காரர் இருந்தாராம். பங்களாக் குசினி முச்சூடும் அவரு கையில.

தொரை பேரு லாரிமர். இங்கிலீசுக்காரத் தொரைன்னு யாராச்சும் சொல்லிட்டா மூஞ்சி செவந்துருமாம். "நான் ஸ்காட்லாந்துக்காரன்"பாராம். நம்ம ஆளுகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் வெள்ளையா இருக்கும், ரெண்டும் காலங்காத்தால விசில் ஊதும்.

அந்தத் தொரைக்குக் காலைல ஒரு சாப்பாடு வேணும். சாப்பாடுன்னா சாப்பாடு, அப்படி ஒரு சாப்பாடு. மொதல்ல ஓட்ஸ் கஞ்சி. அப்புறம் முட்டை. உப்புப் போட்ட பன்னிக்கறி. நம்மாளு ரத்தத்தப் பொரியல் பண்ணுவான்ல, அத அவுங்க குடல்ல அடைச்சு வட்டவட்டமா அறுத்து வறுப்பாங்க. அவிச்ச உருளைக்கெழங்க மாவோட பெசைஞ்சு முக்கோணமா ஒரு ரொட்டி. இத்தனையும் மாசிலாமணி கைபடாம மேசைக்குப் போகாது. போட்டதத் தொரை திம்பாரு. நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாரு, இல்லைன்னும் சொல்ல மாட்டாரு. பேச்சுல அம்புட்டு சிக்கனம்.

அப்படி இருக்கையில தொரையோட அம்மா கப்பலேறி வந்துச்சாம். பெரிய தொரைசானி. மெலிஞ்ச ஒடம்பு, கையில ஒரு குச்சி. ஊனுற குச்சி இல்ல, கஞ்சி கிண்டுற குச்சி. அத ஊர்லருந்தே கொண்டாந்திருக்கு.

மொத நாள் காலைல மாசிலாமணி கஞ்சி வச்சாரு. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சுச்சு. கீழ வச்சுருச்சு.

"இன்னைக்கு என்ன விசேசம்? பாயசம் வச்சிருக்க?"

எல்லாம் சீனி பண்ணுன வேலை. இதுக்கு முன்ன இருந்த தொரை சீனி கேட்டாரு, மாசிலாமணி போட்டாரு. இந்தத் தொரை வேண்டாம்னு சொல்லலை, அதனால போட்டுக்கிட்டே இருந்தாரு. வருசக்கணக்கா அந்த மனுசன் பாயசத்தக் கஞ்சின்னு முழுங்கியிருக்காரு, பாவம்.

அம்மா நேரா குசினிக்குள்ள வந்துருச்சு. தொரைசானி குசினிக்குள்ள கால் வைக்கிறது அதுவரைக்கும் கெடையாது. கை ஜாடை பாதி, பேச்சு பாதி. "உப்புப் போடு. வலப்பக்கமாவே கிண்டு. நின்னு தின்னு." அதே மாதிரி அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டே தின்னுச்சாம். மிஞ்சுனத என்ன பண்ணுச்சு தெரியுமா? மேசை டிராயர இழுத்து, அதுல இருந்த கரண்டியெல்லாம் எடுத்துட்டு, கஞ்சிய அதுக்குள்ள ஊத்திருச்சு. மறுநாள் கஞ்சி கெட்டியாயிருந்துச்சு. கத்தி போட்டுத் துண்டு துண்டா அறுத்து எடுத்துச்சு. "எங்க வீட்டுல ஆம்பளைங்க மலைக்குப் போறப்ப இதத்தான் பையில போட்டுட்டுப் போவாங்க."

மாசிலாமணி மனசுக்குள்ள நெனச்சாராம்: அவுங்க வீட்டுல பாத்திரம் பண்டம் இல்ல போலருக்கு, பாவம்.

இப்படியிருக்க, ஆடி மழை வந்துச்சு. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. தொரை குதிரை ரெண்டையும் கூட்டிக்கிட்டுக் கீழ ஒரு கூட்டத்துக்குப் போனவரு, திரும்பலை. மலை சரிஞ்சு பாதைய மூடிருச்சு. அரிசி மூட்டை கீழ, ஆளுக மேல.

லயன் வீடுகள்ல, அதான் தோட்டத்து ஆளுக வரிசையாக் குடியிருக்கிற வீடுகள்ல, அரிசி தீந்துச்சு. பலாக்கொட்டையும் தீந்துச்சு. பங்களாவுலயும் அரிசி தீந்துச்சு. மாசிலாமணிக்கு ஒரே மக, வடிவு. லயன்ல கட்டிக்குடுத்திருந்தாரு. கைக்கொழந்தைக்காரி. அவளுக்குப் பால் வத்திப்போச்சு. கொழந்தை அழுது அழுது, அப்புறம் அழவும் செய்யலையாம். அழுற புள்ளைய சமாதானம் பண்ணலாம், அழாத புள்ளைய என்ன பண்றது?

ஒரு நாள் மிச்சமிருந்த மாவுல ஒரு உருளைக்கெழங்கு ரொட்டி சுட்டு மடியில வச்சு அவகிட்டக் கொண்டுபோனாரு. வடிவு அத நாலாப் பிச்சு அக்கம்பக்கத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டா.

"ஏம்மா, நீ தின்னுருக்கலாம்ல?"

"சுத்தி இத்தன பேரு பாக்க, எனக்கு எப்பிடிப்பா எறங்கும்?"

தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு பங்களாவுக்கு வந்தாரு. குதிரைக் கொட்டடியில மூட்டை மூட்டையா ஓட்ஸ் அடுக்கியிருக்கு. நம்மூருக் கொள்ளு அந்தக் குதிரைகளுக்கு ஆகாதாம், தொரை அப்படிச் சொல்லுவாரு. தொரை திங்கிறதும் அதே தானியந்தான். தொரைக்கு டப்பாவுல வரும், குதிரைக்கு மூட்டையில வரும், அவ்வளவுதான். ஆனா மூட்டையில இருக்கறது உமியோட. மாசிலாமணி ஒரு கை அள்ளிட்டு வந்து பெரிய தொரைசானிகிட்டக் காட்டுனாரு.

"இத மனுசன் திங்க முடியுமா, அம்மா?"

"வறு. திருகையில அரை. பொடைச்சு எடு. எங்க பாட்டி அதத்தான் பண்ணுவா." சொல்லிட்டு அம்மாவே மொறத்த எடுத்துக்கிட்டு உக்காந்துருச்சாம். பொடைக்கத் தெரியலை. பாதி உமி மூஞ்சியில.

கஞ்சி ஆச்சு. ஊருக்கே ஊத்துற அளவுக்குப் பாத்திரம் வேணுமே? குசினியில இல்ல. கொட்டடியில ரெண்டு பெரிய வாளி இருந்துச்சு. சாம்பல் போட்டுத் தேச்சாரு. வெந்நீர் ஊத்திக் கழுவுனாரு. மறுபடியும் தேச்சாரு. கஞ்சிய ஊத்திக்கிட்டுப் பெரட்டுக்களத்துக்குப் போனாரு. பெரட்டுக்களம்னா காலைல ஆளுகள நிறுத்தி வேலை பிரிக்கிற மேடு.

சங்கிலி கங்காணிதான் மொதல்ல பாத்தாரு. ஆளுகளுக்கெல்லாம் மேல அவருதான்.

"ஏம்ப்பா மாசிலாமணி, இந்த வாளிய எங்கயோ பாத்தாப்புல இருக்கே?"

"நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன், கங்காணி."

"கழுவுனா அது கழுவுன குதிரை வாளி. வேற வாளி ஆயிருமா?"

பின்னாலருந்து ஒருத்தன் குதிரை மாதிரியே கனைச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. அம்புட்டுப் பசியிலயும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு ஒருத்தரும் கிட்ட வரலை. வருசம் பூராம் மாடு மாதிரி ஒழைச்சாச்சு, இப்ப குதிரையாவும் ஆகணுமாக்கும்னு ஒரு பொம்பளை சொன்னா.

வடிவு மட்டும் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கிட்ட வந்தா. வாளிய எட்டிப் பாத்தா. அப்பன் மூஞ்சியப் பாத்தா.

"அப்பா, நீங்க இதத் தின்னீங்களா?"

"பதம் பாத்தேன்மா."

"பதம் பாக்குறது வேற. தின்னீங்களா?"

மாசிலாமணி வாளியக் கீழ வச்சாரு. அத்தன வருசம் அந்தக் கஞ்சியக் காய்ச்சியிருக்காரு, ஒரு கரண்டி தொண்டைக்குள்ள போனதில்ல. தொரை திங்கிறது தொரைக்கு, நமக்கு நம்ம சோறுன்னு இருந்துட்டாரு. பதங்கூட வெரல்ல தொட்டு மசிச்சுப் பாக்குறதுதான். தான் திங்காதத ஊருக்கு நீட்டியிருக்கோம்னு அப்பதான் ஒரைச்சுச்சாம். வாளியத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டாரு.

நேரா தொரை படுக்கை அறைக்குப் போனாரு. அங்க ஒரு தேக்கு அலமாரி, அகலமா நாலு டிராயரு. மேல் டிராயர உருவி, தொரையோட சட்டையெல்லாம் கட்டில்ல கொட்டுனாரு. திரும்பிப் பாத்தா வாசல்ல பெரிய தொரைசானி நிக்குது. சரி, நம்ம வேலை போச்சு, புள்ளையாவது பொழைக்கட்டும்னு நின்னாராம். அம்மா உள்ள வந்துச்சு. ரெண்டாவது டிராயர உருவுச்சு. தொரையோட காலுறை முச்சூடும் கட்டில்ல கொட்டுச்சு.

ரெண்டு பேருமாச் சேந்து மிச்ச ரெண்டையும் உருவுனாங்க. டிராயர்களச் சுடுதண்ணி விட்டுக் கழுவி அடுப்போரம் காய வச்சாங்க. உப்புப் போட்டு, வலப்பக்கமாவே கிண்டி, கெட்டியாக் காய்ச்சி, நாலுலயும் ஊத்துனாங்க.

விடிஞ்சுச்சு. மாசிலாமணி தொரைக்குப் பரிமாறப் போடுற பித்தளைப் பொத்தான் வச்ச வெள்ளைக் கோட்டைப் போட்டாரு. பங்களாத் தோட்டக்காரங்க டிராயர்களத் தூக்கிக்கிட்டு வர, பெரிய தொரைசானி குடையோட பின்னால வர, மறுபடியும் அதே மேடு, அதே ஆளுக.

"இது எந்த வாளி?"ன்னாரு சங்கிலி கங்காணி.

"வாளி இல்ல. தொரை சட்டை வைக்கிற பெட்டி."

கங்காணி குனிஞ்சு மோந்து பாத்தாரு. "ஆமாப்பா. சோப்பு வாசம் அடிக்குது."

மாசிலாமணி கத்திய எடுத்து ஒரு துண்டு அறுத்தாரு. யாருக்கும் நீட்டலை. மழையில நின்னுக்கிட்டே, எல்லாரும் பாக்க, தன் வாயில வச்சாரு. மென்னாரு. மென்னாரு. தொண்டையில எறங்குறது கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிஞ்சுச்சாம்.

"எப்பிடி இருக்கு?"ன்னாரு கங்காணி.

"நல்லா இல்ல"ன்னாரு மாசிலாமணி. "ஆனா வயித்துல நிக்குது."

அதுதான் வேலை செஞ்சுச்சு. நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். வடிவு கைய நீட்டுனா. ரெண்டாவது துண்டு அவளுக்கு. அப்புறம் கங்காணி. அப்புறம் எல்லாரும். கீழ உக்காந்தா சேறு, சேத்துல அட்டை. அதனால நின்னுக்கிட்டேதான் தின்னாங்க. பெரிய தொரைசானிக்கு அதப் பாத்து ரொம்ப சந்தோசம். தன் ஊரு வழக்கம் இங்கயும் இருக்குன்னு நெனச்சுக்கிச்சு. யாரும் அட்டையப் பத்திச் சொல்லலை. மிச்சத் துண்டுகள முந்தானையில முடிஞ்சுக்கிட்டு மலைக்குப் போனாங்க.

தெனம் அதேதான். உப்புப் போடு, வலப்பக்கமாக் கிண்டு, நின்னு தின்னு. கொஞ்ச நாள்ல வடிவுக்குப் பால் ஊறுச்சு. ஒரு விடியக்காலைல புள்ளை வீல்னு கத்துச்சு பாருங்க, லயனே எந்திரிச்சுருச்சாம். மாசிலாமணிக்கு பங்களா வரைக்கும் கேட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அது கொஞ்சம் கூட்டிச் சொல்றது. பங்களா தூரம்.

பாதை வெட்டித் தொரை வந்து சேந்தாரு. வந்ததும் ஒரு சத்தம்.

"மாசிலாமணி! என் சட்டை எங்க?"

"கட்டில் மேல, தொரை."

"டிராயர் எங்க?"

"பெரட்டுக்களத்துல, தொரை."

"டிராயர்ல என்ன இருக்கு?"

"குதிரைத் தீனி, தொரை."

தொரை அம்மாவப் பாத்தாரு. அம்மா ஒரு துண்டெடுத்து அவரு கையில வச்சுச்சு. தொரை நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"எந்திரி"ன்னுச்சு அம்மா.

தொரை எந்திரிச்சு நின்னு தின்னாரு. தின்னு முடிச்சுட்டு, அத்தன வருசத்துல மொத தடவையா, "உப்பு சரியா இருக்கு"ன்னாரு.

அன்னையிலருந்து பெரட்டுக்களம்ங்கிற பேரு போச்சு. நின்னுதின்னி மேடுன்னுதான் பேரு. பஸ்காரனும் அப்படித்தான் கூவுறான். டிராயர்ல மூணு செல்லரிச்சுப் போச்சு, ஒண்ணு மாரியம்மன் கோயில்ல இருக்கு. ஆடியில மத்த ஊர்ல கூழு ஊத்துவாங்க. இங்க கேப்பைக் களிய அந்த டிராயர்ல ஊத்தி, அறுத்து, நின்னுதான் குடுப்போம். கலெக்டரு வந்தாலும் நாற்காலி கெடையாது. மொதத் துண்ட எல்லாரும் பாக்கச் சமைச்சவன் திங்கணும். ரெண்டாவது துண்டு கைப்புள்ளைக்காரிக்கு.

ஒவ்வொரு வருசமும் கூட்டத்துல ஒருத்தர் கேப்பாரு, "எப்பிடி இருக்கு?"

சமைச்சவன் சொல்லணும், "நல்லா இல்ல."

அப்புறந்தான் கை நீளும்.