சாவுக்குக் கட்டிய பட்டு

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னாள்:

“போன வாரம் பூரா கல்யாணப் பட்டுலதான்க்கா தூங்கினேன்.”

“யாருக்குடி கல்யாணம்?”

“என் சாவுக்குக்கா. தூக்கத்துல திடுக்குனு முழிச்சிக்கிறேன். நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது. போவப்போறேன்னு பட்டைக் கட்டிக்கினு படுத்துடுவேன். கிழிஞ்ச நைட்டியோட கெடந்தா பாக்க வர்றவங்க இன்னா பேசுவாங்க?”

“அடிப்பாவி! டாக்டராண்ட போவலியா?”

“போனேன். டெஸ்ட்லாம் எடுத்துப் பாத்தாரு. நெஞ்சு நல்லாத்தான் கீதாம், பயம்தான் அப்பிடி எழுப்புதாம். எழுந்து குந்திக்கினு மூச்சை மெதுவா வுட்டா அடங்கிடுமாம்.”

மூத்தவள் சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். எனக்கு அடக்க முந்தானை போதவில்லை.

“அடங்குச்சாடி?”

“நேத்து வந்துச்சுக்கா. பட்டு பீரோவுலயே கெடந்துச்சு. மூச்சு வுட்டுக்கினே, கிழிஞ்ச நைட்டியோடவே தூங்கிட்டேன்.”