யூஜினாவுக்குக் கொடுத்த ஹெட்போன்

வீட்டில் இருந்து பாட்டு மிக்ஸ் பண்ணுகிறவர்கள் எல்லோரும் முதலில் விடுகிற பிழை, தேவைக்கு அதிகமாகப் பிளகின் சேர்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். 2002இல் ஒரு நண்பர் கொழும்பில் இருந்து சீடி ஒன்று கொண்டுவந்து தந்தார். அதில் நானூற்றுச் சொச்சம் பிளகின் இருந்தது. முன்பு ஸ்டூடியோக்களில் அலுமாரி அலுமாரியாக நின்ற கருவிகளின் வேலையை இப்போது கொம்பியூட்டருக்குள்ளேயே செய்துவிடுகிற சின்னச் சின்ன மென்பொருள்கள். எதிரொலி சேர்ப்பதற்கு மட்டும் பதினொன்று. அதில் ஒன்றுக்குப் பெயர் பேராலயம். போட்டுப் பார்த்தேன். எங்கள் கொட்டகலை மாதா கோயிலில் நூறு பேர் நின்றால் கதவைச் சாத்த முடியாது. பேராலயத்தில் என் ஆர்மோனியம் எங்கேயோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கேட்டது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.

எந்தப் பிளகின் உங்களுக்கு அதிகம் உதவியது என்று கேட்டீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். சுருதி திருத்துகிற பிளகின். அதைப் பற்றிச் சொல்வதென்றால் யூஜினாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதில் எனக்கு ஒன்றும் தயக்கம் இல்லை.

நான் அப்போது கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர். கோயில் பாடகர் குழுவையும் பதினேழு வருடமாக நடத்திவந்தேன். என் மனைவி தெரேசாதான் குழுவில் முன்பாடகி. வீட்டின் பின்பக்கம் இருந்த சாமான் அறையைக் காலிசெய்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டேன். தகரக் கூரை. மழை பெய்தால் பதிவு செய்ய முடியாது. கொட்டகலையில் எத்தனை நாள் மழை பெய்யாது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மழை விட்ட நாளில் கரண்ட் போகும். மின்சாரம் செய்கிற பொல்பிட்டிய எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் வேறு நடத்துவோம்.

மாதா பாட்டுகள் எட்டு எழுதி இசையமைத்திருந்தேன். சொந்தப் பாட்டுகள். அதைப் பாடத்தான் யூஜினா வந்தாள். இருபத்திரண்டு வயது. பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பச்சைக் குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளையும் பாடியே தூங்கவைத்துவிடுவாள் என்று சொல்வார்கள். அவளுடைய அம்மா ராசம்மா கொழுந்து பறிக்கிறவர். கலியாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர், மகளைவிடப் பக்தி அதிகம்.

குரலைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. நன்றாக இருந்தது. மேல் சுரத்துக்குப் போவதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுப்பாள், ஏதோ சொல்ல வந்து ஒரு நொடி யோசிக்கிற மாதிரி. முதல் பாட்டைப் பாடி முடித்தபோது தேத்தண்ணி கொண்டுவந்த தெரேசா தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இனிமே நான் எதுக்குங்க முன்னாடி நிக்கணும், இந்தப் புள்ளையவே நிப்பாட்டுங்க" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். அது உண்மையில்லை. தெரேசாவுக்கு அந்தக் குணமே கிடையாது.

எட்டுப் பாட்டையும் மூன்று மாதத்தில் பதிந்தோம். பின்னணி இசைக்கு நான் பத்தொன்பது பிளகின் பாவித்தேன். வயலினுக்கு ஒன்று, தபேலாவின் அடித்தொனிக்கு ஒன்று, எல்லாவற்றையும் ஒட்டவைக்க ஒன்று என்று. கீபோர்டில் வாசித்த வயலினை உண்மையான வயலினாகக் காட்ட எனக்கு ஆறு வாரம் பிடித்தது. யூஜினாவின் குரலுக்கு ஒரே ஒரு பிளகின்தான் போட்டேன், அதையும் பாதியில் எடுத்துவிட்டேன். தேவைப்படவில்லை.

மூன்று பாட்டைச் சீடியில் எழுதிக் கொழும்பில் ஒரு வானொலிக்கு அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய் எப்போது யார் கையில் வரும் என்று தெரியாது. அதனால் என் வீட்டு விலாசத்தையே போட்டேன். ஆவணியில் பதில் வந்தது. செல்வி யூஜினாவின் குரல் மிகச் சிறப்பாக உள்ளது, ஐப்பசி பதினெட்டாம் தேதி குரல் தேர்வுக்கு வரவும் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி. 'பின்னணி இசையை எமது கலைஞர்களைக் கொண்டு மீளச் செய்துகொள்ளலாம்.'

அந்த வரி என்னைப் புண்படுத்தியது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அவர்களிடம் உண்மையான வயலின் இருக்கும்.

கடிதத்தை நான் ஒளிக்கவில்லை. அடுத்த நாளே யூஜினாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நெசமாவா சேர்? என்னையவா?" என்று கேட்டாள். உன்னைத்தான் என்றேன். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, ஸ்டூடியோவில் பாடிப் பழக வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாள் வா என்றும் சொன்னேன். அதற்காக நான் அவளிடம் எதுவும் வாங்கியதில்லை.

இந்த இடத்தில்தான் பிளகின் வருகிறது. பாடுகிறவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டபடி பாடுவார். மைக்கில் இருந்து கொம்பியூட்டருக்குள் போய்ப் பிறகுதான் அந்தக் குரல் காதுக்கு வருகிறது. நடுவில் நாம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை நூறு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அவளுடைய குரலை ஹெட்போனில் ஐந்து பங்கு மேலே தூக்கிவைத்தேன். ஐந்து பங்கு என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் பாடுகிறவரின் தொண்டைக்குத் தெரியும். காதில் கொஞ்சம் உயரமாகக் கேட்டால், தானாகவே கொஞ்சம் இறக்கிப் பாடும். இரண்டாம் வாரம் பத்து. அப்புறம் பதினைந்து.

பயிற்சி முடிந்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவேன். அதில் பிளகின் இருக்காது. அவள் உண்மையில் என்ன பாடினாளோ அதுதான் வரும். அதை மறைப்பது நேர்மையில்லை. சுருதி கீழே கிடக்கும். அவள் ஹெட்போனைப் பார்ப்பாள், ஸ்பீக்கரைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

"காதுல சரியாத்தானே சேர் கேட்டுச்சு."

"பாடும்போது சரியாகத்தான் கேட்கும்" என்றேன். "சிலருக்குக் காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் அப்படி ஒரு சின்னக் கோளாறு இருக்கும். பயப்படாதே, பழகினால் போய்விடும்."

அதையும் மென்மையாகத்தான் சொன்னேன். மாணவர்களிடம் குரலை உயர்த்துகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆறாம் வாரம் முப்பது பங்குக்கு வந்திருந்தோம். அதோடு, வாயில் இருந்து வந்த சொல் காதுக்குப் போக ஒரு துளி நேரம் பிந்துகிற மாதிரி இன்னொரு பிளகினும் சேர்த்தேன். எண்ணூறு ரூபாய் சவுண்ட் கார்டுக்கு இதெல்லாம் இயல்புதானே. தாளம் இழுபட ஆரம்பித்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தச் சின்ன மூச்சை எடுப்பாள், ஆனால் இப்போது அது யோசிப்பது மாதிரி இல்லை, படியில் கால் வைக்கப் பயந்தவள் மாதிரி இருந்தது.

தெரேசா ஒரு நாள் அறையைக் கூட்ட வந்தவள், விளையாட்டுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரி பாடினாள். உடனே கழற்றிவிட்டாள்.

"என்னங்க இது, நான் பாடுறது எனக்கே வேற யாரோ பாடுற மாதிரி கேக்குது."

"செட்டிங் கொஞ்சம் மாறிக் கிடக்கு."

"அந்தப் புள்ளைக்கும் இப்புடித்தான் கேக்குதா?"

நான் கொம்பியூட்டரில் வேலையாக இருந்தேன்.

"நீங்க அந்தப் புள்ளைய என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"பயிற்சி" என்றேன்.

தெரேசா அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வந்ததில்லை. யூஜினாவிடம் எதுவும் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாம். நான் தடுக்கவில்லை. இருபது வருடமாக என் பாட்டுக்கு வாய் திறந்தவள், இந்த விஷயத்தில் மட்டும் திறக்கவில்லை. அதனால் இதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைப்பதுண்டு. அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, மனம் நோகும்.

ஐப்பசி பதினெட்டு. காலை ரயிலில் போனோம். ராசம்மா அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல் கூட வந்தார். கொழும்பில் இடம் தெரியாது, சிங்களமும் அவர்களுக்கு அவ்வளவாக வராது என்பதால் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வானொலியில் நல்ல மாதிரியான ஒரு அம்மா இருந்தார். யூஜினாவைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி ஹெட்போன் கொடுத்தார்கள். நல்ல ஹெட்போன். அதில் எந்தத் தந்திரமும் இல்லை.

என் கணக்கு அங்கேதான் எவ்வளவு சரியாக இருந்தது என்று தெரிந்தது. காதில் சரியாகக் கேட்டால் பாடியது பிழை என்று இரண்டு மாதமாகப் பழகியவள் அவள். முதல் வரியைச் சரியான சுருதியில்தான் பிடித்தாள். சரியாகக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. இறக்கினாள். பிறகு ஏற்றினாள். மூன்றாம் வரியில் எந்தச் சுரத்தில் நிற்பது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். அந்த அம்மா, "பதற்றப்படாதீங்க பிள்ளை, தண்ணி குடிச்சிட்டுப் பாடுங்க" என்றார். யூஜினா ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தாள். "மன்னிச்சுக்குங்க மெடம், எனக்கு அது சரியா கேக்க மாட்டேங்குது" என்றாள்.

சீடியில் பாடியது இவள்தானா என்று அந்த அம்மா என்னைத் தனியாகக் கேட்டார். சில திருத்தங்கள் செய்திருந்தேன் என்றேன். வீட்டு ஸ்டூடியோ நடத்துகிற எவரும் அதையே சொல்வார்.

திரும்பி வரும்போது ராசம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்துத் தந்தார். "நம்ம சனத்துக்கு இதெல்லாம் எதுக்குங்க சேர்" என்றார். நான் அவரைக் கண்டித்தேன். அப்படிப் பேசக்கூடாது, தோட்டத்துப் பிள்ளைகள் எதிலும் குறைந்தவர்கள் இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். நானே லயத்தில் பிறந்தவன்தான். இந்தத் தாழ்வு மனப்பான்மை எனக்குப் பிடிக்காது.

ஹட்டன் வந்தபோது யூஜினா பையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு, "நீங்க எம்புட்டுப் பாடுபட்டீங்க சேர். நான்தான் உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றாள்.

பரவாயில்லை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் குழுவை விட்டுப் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு வந்து மூன்றாம் வரிசையில் நிற்பாள். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. குழு நடத்துகிறவனுக்கு அது தெரியாமல் போகுமா. நான் கண்டும் காணாத மாதிரி விட்டேன், எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டினால் வெட்கப்படுவாள். பிள்ளைக்காம்பராவிலும் பாடுவதை நிறுத்திவிட்டாளாம். குழந்தைகள் தூங்குவதில்லை என்று தாய்மார் கங்காணியிடம் முறையிட்டு, ஒரு பழைய ரேடியோ வாங்கி வைத்தார்கள்.

எட்டுப் பாட்டின் பதிவும் என்னிடமே இருந்தது. கோளாறு எதுவும் வருவதற்கு முன்னால் பாடியவை. அவற்றை வீணாக்குவது நியாயமில்லை. அடுத்த ஒரு வருடம் அந்தக் குரலில் வேலை செய்தேன். மூச்சுகள் இருநூற்றுப் பன்னிரண்டு, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். தொனியை இன்னொரு பிளகினில் கொஞ்சம் மெலிதாக்கினேன். அதையே பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குரலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வயலினை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பேராலயம் கடைசியில் உதவியது. 2004 மார்கழியில் சீடி வெளிவந்தது. உறையில் இசை மரியரட்ணம் என்று என் பெயர். பாடியவர்கள் கொட்டகலைப் பாடகர் குழு என்று போட்டேன். யூஜினா குழுவில்தானே இருந்தாள், அதில் பொய் எதுவும் இல்லை.

நன்றாகப் போனது. ஹட்டன் கடைகளில் போட்டார்கள், பஸ்களிலும் போட்டார்கள். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் பக்கம் யூஜினா இருந்தாள். எழுந்து எனக்கு இடம் கொடுக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நோர்வூட் தாண்டும்போது டிரைவர் அந்தச் சீடியைப் போட்டார். மூன்றாவது பாட்டு.

யூஜினா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீர்த்தேக்கம் தெரிகிற வளைவில் என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம பாட்டுத்தானே சேர்?"

"ஆமாம்."

"யாரு பாடுறாங்க?"

நான் வெளியே பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"கொழும்பில் ஒரு பிள்ளை."

அவள் தலையாட்டினாள். "நல்லா பாடுறாங்க. இப்புடித்தான் பாடணும்னு நீங்க எம்புட்டு சொல்லிக் குடுத்தீங்க, எனக்குத்தான் வரல" என்றாள். பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு, "அந்த வயலினு ரொம்ப நல்லாருக்கு சேர்" என்றாள்.

அந்தச் சீடியைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள், எல்லோரும் குரலைத்தான் கேட்பார்கள். வயலினைக் கவனித்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான், அன்று வீடு வந்து சேரும்வரை எனக்கு மனம் நிறைந்திருந்தது.