மொழுகுன செவுரு

எருமை கட்டற கட்டுத்தறிக்கு மட்டும் இன்னைக்கு வேண்டாங்க. ஊட்டுக்குள்ள அடிங்க, பரண் மேல அடிங்க, நானே தண்ணி தூக்கியாந்து மருந்து கலக்கித் தர்றேன். கட்டுத்தறி வேண்டாம்.

அந்த முனகலா? எருமைங்க. செனை.

பம்பை எறக்கி வெச்சுட்டு உக்காருங்க. மருந்துக்காரரை வெரட்டற ஆளு நானில்லீங்க. ஆறு மாசம் முந்தி, வீரபாண்டி ஊரே கதவைச் சாத்துனப்ப, உங்களைக் கையப் புடிச்சுக் கூட்டியாந்தது நாந்தான். பனியன் கம்பெனியில ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு, கண்ணு செவந்து நின்னனே, நெனப்பிருக்குதுங்களா? கொசுவுக்குத்தான் மருந்துன்னீங்க. நான் பூச்சி புடிச்சு வெச்ச பாட்டலைத் தொறந்து காட்டுனேன். மூட்டைப்பூச்சிக்கு அண்ணனாட்ட, கட்டைவெரல் நகத்தத்தண்டி, ஓரமெல்லாம் செவப்புக்கோடு. பகல் பூரா எலிப்பொந்துலயும் செவுத்து வெடிப்புலயும் பதுங்கிக்கும். பொழுது உழுந்தா எருமை மடியில ஏறும், தூங்கற மனுசன் ஒதட்டுல ஏறும். நசுக்குனா நம்ம ரத்தந்தான் பீச்சும். பின்னல் மிசின் ஊசியில ஒவ்வொண்ணாக் குத்தி வெயில்ல காய வெச்சிருக்கறேன். காலை ஆட்டிக்கிட்டே கெடக்கும். பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

நீங்க அடிச்சுட்டு, கட்டுத்தறிச் செவுத்துல தேதியப் போட்டு, மூணு மாசத்துக்கு இதை மொழுகாதீங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. பத்தாம் நாள் மாரியாத்தா நோம்பி. ஷிப்ட்டு முடிஞ்சு வந்து பாத்தா எங்கண்ணன் ரத்தினசாமி அந்தத் தேதி மேலயே சாணியப் பூசிட்டிருக்கறாரு. கண்ணாலங் கட்டாம எங்களோடயே இருக்கறவரு. ஏனுங்கண்ணான்னு கேட்டா, நாலெழுத்தப் பொறுக்கிப் படிச்சுப்போட்டு பூச்சிக்கு ஜாதகம் பாக்கறாம் பாருன்னு சிரிக்கறாரு. ஆத்தா வர்ற ஊட்டுல மருந்து நாத்தம் ஆகாதாமா.

எம்பட சம்சாரம் மயிலாள் கட்டுத்தறியோரந்தான் படுப்பா, கன்னுக்குட்டிக்குத் தொணையா. மொதக் கடிக்கு ஒதடு வீங்குச்சு. அடுத்த கடிக்குக் கண்ணு. கடேசியா ஒரு நா விடியக்காலம் நான் சைக்கிளை நிறுத்தறேன், மேலெல்லாம் அரிக்குதுங்கன்னு பிறாண்டிக்கிட்டே வர்றா. நாக்கு வீங்கி வாய் கொள்ளலீங்க. மூச்சுக்குக் கொரவளையக் கீறுனா, ரத்தம் வர்ற அளவுக்குக் கீறுனா. வண்டி பூட்டறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவ படுத்த சாக்கை உதறுனேன். குடிச்சுக் குடிச்சு உருண்டையா ஒண்ணு உழுந்துச்சு.

டாக்டருகிட்டயா? எங்கீங்க. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு எங்கண்ணன் ஊருக்கெல்லாம் சொன்னாரு.

அதையும் பொறுத்தனுங்க. கருமாதி முடிஞ்சு சொந்தமெல்லாம் கெளம்புனப்பறம், தீட்டுக் கழியோணும்னு சாணிக்கூடையத் தூக்கிட்டு மறுக்கா அதே செவுத்துக்குப் போனாரு பாருங்க. எங்கையில மம்முட்டிக் காம்பு இருந்துச்சு. மொத அடி ஒரு முட்டியில. அடுத்தது அடுத்த முட்டியில. சோளத்தட்டு முறியற சத்தந்தான். கூடை கவுந்து சாணியிலயே உழுந்தாரு.

எருமைங்களா? அதுகளை அன்னைக்கே பொங்கலூர்ல மச்சான் தோட்டத்துக்கு ஓட்டி உட்டுட்டனுங்க. வாயில்லாச் சீவன், அதுக என்ன பண்ணுச்சு.

எந்திரிக்காதீங்க. ஆமாங்க, எருமை கட்டற எடத்துலதான் கட்டியிருக்கறேன். செவுத்தை ஒட்டி, மேல் துணியில்லாம. வாயில பனியன் வேஸ்ட்டு. நாலு நாளாச்சு. மொகம் இப்ப அடையாளந் தெரியறதில்லீங்க.

இன்னைக்கு மருந்தடிச்சா பூச்சியெல்லாம் செத்துப்போயிரும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க. நல்லா அடிச்சு, தேதியப் போட்டுட்டுப் போங்க. இனி அதை மொழுகறதுக்கு ஆளில்லீங்க.