காசியம்மா போட்ட மார்க்

– என்னப் போயி கேக்கறீங்களே சார். எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்க.

– படிக்கத் தெரியணும்னு இல்ல காசியம்மா. சமூகப்பணி படிக்கிறவங்களுக்கு ஊருக்குள்ள வந்து பழகறதும் ஒரு பாடம். என் மாணவி புஷ்பமேரி ஆறு மாசமா வந்தது உங்க வீட்டுக்கு. அவ எப்படின்னு நீங்கதான் சொல்லணும்.

– மொத நாளு வந்து ஆடு எத்தன, கெணறு இருக்குதான்னு கேட்டுச்சுங்க. எம்மவ பாஞ்சாலி புருசங்கிட்ட அடி வாங்கி, காதுல சீழு வடிய, வூட்டு மூலையில கெடக்கறா. ஒரு வார்த்த பேசமாட்டா. இதுல ஆட்டுக் கணக்கான்னு தொரத்தி வுட்டுட்டேன்.

– அப்புறமும் வந்தாளா?

– மறுவாரமே வந்துச்சுங்க. கேள்வியே கேக்கல. பாஞ்சாலி பக்கத்துல உக்காந்து, கொட்ட எடுக்கப் புளி தட்டுச்சு. பழக்கமில்லாத கை, கொப்புளம் போட்டிருச்சு. ஆனாலும் வாராவாரம் வந்துச்சு. அப்புறம் ஒருநாளு, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், திங்கக்கெழம கம்பைநல்லூரு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்கன்னு சொல்லுச்சுங்க.

– நின்னீங்களா?

– உச்சி வெயிலு வரைக்கும் நின்னோமுங்க. அது வரல. எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம். வூட்டுக்கே போலாம் வாடீன்னு கெளம்பினேன். அப்பத்தான் சார் பாஞ்சாலி வாயத் தொறந்தா. "நாமளே போலாம்மா"ன்னா. போனோம். டாக்டருகிட்ட நடந்ததெல்லாம் அவளே சொன்னா. நான் சும்மா பக்கத்துல நின்னேன்.

– புஷ்பமேரி ஏன் வரலன்னு சொன்னாளா?

– மறுவாரம் வந்து சொல்லுச்சுங்க. டாக்டருகிட்ட என்ன பேசறதுன்னு பயந்துக்கிட்டு ஹாஸ்டல்லயே இருந்துட்டேன்னு. பாஞ்சாலி கையப் புடிச்சுக்கிட்டு, தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்கங்கக்கான்னுச்சு. எம்மவள அடிச்சவனும் அப்படிக் கேட்டதில்ல, கட்டிக் குடுத்த நாங்களும் கேட்டதில்லீங்க. ரெண்டு பேருமா அழுதாங்க. நான் திட்டலாம்னுதான் இருந்தேன். கூழு ஊத்திக் குடுத்தேன்.

– எங்கிட்டயும் அதச் சொல்லிட்டா. ஃபெயில் போடுங்க சார், நான் இந்தப் படிப்புக்கு லாயக்கு இல்லன்னு அழறா. எனக்கு மனசு வரல. அதான் உங்களத் தேடி வந்தேன்.

– பாஸ் போட்டா என்னங்க ஆவும்?

– அடுத்த மாசம் படிப்பு முடியுது. எங்கயாவது வேலைக்குப் போயிடுவா.

– ஃபெயில் போட்டா?

– இன்னொரு வருசம் இதே ஊருக்கு வந்து பழகணும்.

– இந்த வூட்டுக்கேவா?

– ஆமாம்மா.

– அப்ப ஃபெயிலே போட்டுடுங்க சார்.