மறைக்காமல் போன விலாசம்

காலையில் வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் அலுவலகம் போகிற இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அக்கா, ஒரு பிள்ள எங்க இருக்குன்னு அவ புருசனுக்கு நானே அனுப்பிட்டேன்."

"ஏளா, என்ன சொல்லுத?"

"நம்ம ஆபீஸ்ல இலவசத் தையல் மிஷின் வாங்குனவங்க பட்டியல் கேட்டு ஒருத்தர் தகவல் உரிமை மனு போட்டாருல்லா? விலாசத்தையெல்லாம் கறுப்பு மையால அடிச்சேன். கடைசிப் பக்கத்த விட்டுட்டேன். தபால் போயிட்டு. நேத்து ஃபைலப் பாத்தா, அந்தக் கடைசிப் பக்கத்துல உள்ள ஒரு பிள்ள, 'புருசன் அடிக்காரு, நான் இருக்க இடத்த யார்ட்டயும் சொல்லாதீங்க'ன்னு எழுதியிருக்கு. மனு போட்டதே அந்தப் புருசன்தான்."

"ஆபீசர்ட்ட சொன்னியா?"

"வேலை போயிருமேக்கா."

"அது பெறவு. அந்தப் பிள்ளைக்குப் போனப் போடு."

நேற்றே குறித்து வைத்திருந்த எண்ணை, பேருந்து இரைச்சலில் கேட்காதென்று இளையவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, உங்க விலாசம் உங்க வீட்டுக்காரர் கைக்குப் போயிட்டு. எங்க ஆபீஸ்ல நடந்த தப்பு. இன்னைக்கே வேற எங்கனயாவது போயிருங்க."

மறுமுனையில் அந்தப் பெண் கேட்டாள்:

"என் நம்பர் உங்களுக்கு யாரு தந்தா?"

"எங்க ஃபைல்ல இருந்துச்சும்மா."

"அவரு பேசச் சொன்னாரா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் போன் அணைக்கப்பட்டிருந்தது.

மூத்தவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "வா, நேர்ல போவோம்."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். இறங்கும்போதே இளையவள் கேட்டாள்:

"நம்மள நம்பி கதவத் திறப்பாளாக்கா?"