பத்தாவது குப்பி

...மூணாவது தடவையா மெஷினோட அதே மூடியக் கழட்டுறீங்க தம்பி, நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஊசிய மாத்தினீங்க. குழாய மாத்தினீங்க. ரிப்பேர் பண்ணன்னு கோலாலம்பூர்லேர்ந்து ப்ளேன் ஏறி கோத்தா பாரு வந்து, கழட்டினதையே கழட்டிக்கிட்டு... சரி, நான் வாயத் தொறக்கல. இந்த லேப்ல பதினோரு வருஷமா நான் வாயே தொறந்ததில்ல.

ஆனா கோளாறு மெஷின்லதான். மூத்திரத்த ஊத்தினா, உள்ள என்னென்ன கெடக்குன்னு ஒவ்வொண்ணா எடை போட்டுச் சொல்லணும். ஒம்பது குப்பிக்கு ஒழுங்காச் சொல்லுது. பத்தாவதுக்குத் திரையில தென்னமரம் ஒசரத்துக்கு ஒரு கோடு. மறுபடி ஒம்பது. மறுபடி தென்னமரம். எங்க லேப் தலைவி டாக்டர் நொரைனி கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, "ஸக்கியா... இது எங்கேர்ந்து வருது?"ங்கறாங்க. என்னைக் கேட்டா?

அந்த ஹுய் லிங் பொண்ணுதான் பாவம். எரநூறு கிட்னி நோயாளியோட மூத்திரம், மூணு வருஷ வேலை. திங்கக்கிழம ஆய்வேட்டக் குடுக்கணும். மூக்க உறிஞ்சிக்கிட்டே, "அக்கா, எல்லாத்தையும் கொட்டச் சொல்லிருவாங்களாக்கா?"ங்குது. எல்லாம் இந்த மெஷின் பண்ற வேலை.

பத்தாவது யாரோடதா? யாரோடதும் இல்ல. எரநூறுலேர்ந்தும் துளித்துளியா எடுத்து ஒண்ணாக் கலந்த பொதுக் கலவை. மெஷின் தடுமாறாம அளக்குதான்னு பாக்க, பத்துக்கு ஒருக்கா ஓட்டுவோம்.

கலவையில தப்பா? நல்லாருக்கே. என் கையாலக் கலந்தது தம்பி. நடுவுல முழங்கை பட்டு பாட்டில் கவுந்துச்சு, அது வேற கதை. பாதி தரையில. ஃப்ரீசர்ல உறைஞ்சு கெடக்குற எரநூறையும் மறுபடி உருக வச்சுக் கலக்கணும்னா மூணு நாள் போயிரும், ஹுய் லிங் அழும். மூத்திரத்துல என்ன ஒசத்தி தாழ்த்தி? பாத்ரூம் போனேன், வந்தேன், பாட்டில் ரொம்பிருச்சு. எனக்கு ஒரு வியாதி கெடையாது. அன்னிக்குக் காலையில சோறும், பெத்தாய்க் கொட்டை போட்ட மொளகாச் சம்பலும், அவ்வளவுதான். ரெண்டு கொத்து பெத்தாய் தின்னா அன்னிக்கு முழுக்க பாத்ரூம் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க, மூத்திரத்துல அந்த வாடை... அந்த...

ஏன் மூடிய மாட்டுறீங்க? முடிஞ்சிருச்சா?

அந்தக் கலவை பாட்டில எதுக்குத் தூக்குறீங்க? டாக்டர் ரூம் வலது பக்கம் ரெண்டாவது கதவு, ஆனா அவங்க இப்ப... தம்பி. தம்பி, நில்லுங்க. பையில பெத்தாய் இன்னும் ரெண்டு கொத்து இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.