இடக்கை முடிச்சு

அந்தக் குப்பியை வெயிலில் வைக்காதீர்கள், மேடம். இந்தப் பாசிக்குச் சூடு ஆகாது. மதியத்துக்குள் வெளுத்து, அழுகி, கார் முழுக்க நாறிவிடும். கடல் தண்ணீரை ஒருமுறை மாற்றி வைத்தால் நாகர்கோவிலில் உங்கள் ஆய்வுக்கூடம் வரைக்கும் தாங்கும்.

இது மண்டபம் பக்கமிருந்து நீரோட்டத்தில் மிதந்து வந்திருக்குமா என்று கேட்டீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. அது பஸ்ஸில் வந்தது. இரண்டு ஈரச் சாக்குகளில், என் காலடியில்.

முதலில் பாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலுக்கடியில் எழும்பி நிற்கும் பாறைமேட்டை நாங்கள் பார் என்போம். 2004இல் ஒருநாள் ஆழம் பார்க்க ஈயக்கட்டியை இறக்கினேன். சுற்றிலும் இருபது பாகம் ஆழம்; விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம். அந்த ஒரு இடத்தில் நாலு பாகத்திலேயே தட்டியது. மூழ்கிப் பார்த்தேன். பாறை முழுக்கச் சிப்பி. பொந்துக்குப் பொந்து சிங்கிறால். கலவா மீன்கள் என்னைக் கண்டு விலகக்கூட இல்லை. மனிதனை அவை அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

மேலே வந்து கரையைப் பார்த்து அடையாளம் பிடித்தேன். எங்கள் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வேளிமலையின் முனை. மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு குன்று. இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் என் பார். இப்படிப் பிடிக்கும் அடையாளத்துக்குக் கணியம் என்று பெயர். கணியத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டோம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லத் தேவையில்லை. அது பாவம் இல்லையே.

அதை நான் ஒரே ஒருவனுக்குத்தான் கொடுத்தேன். என் தங்கை லீமாவைக் கட்டிய ஞானதாசனுக்கு. கல்யாணம் முடிந்த மறுவாரம் என் வள்ளத்தில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். தங்கைக்கு நான் போட்ட நகையைவிடப் பெரிய சீதனம் அது.

"சாவுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன் அளியா" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது.

நாலு வருடம் சொன்னபடி இருந்தான். 2009 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள் முடிந்த கையோடு, கோயில் மைக்கைப் பிடித்து ஊர் முழுக்கக் கேட்கும்படி என் கணியத்தைச் சொல்லிவிட்டான். அன்றே எல்லோரும் ஜிபிஎஸ்ஸில் புள்ளி போட்டுக்கொண்டார்கள். ஒரு பாரை ஊருக்கு அறிவித்தவன் பெயரால் அதை அழைப்பது எங்கள் வழக்கம். அதனால் அது ஞானதாசன் பார் ஆயிற்று. நான் கண்டெடுத்த இடத்துக்கு அவன் பெயர். கடற்கரையில் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். இன்றும் எரிகிறது. மறைப்பானேன்?

2011இல் மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பு வேலைக்குப் போனேன். மூங்கில் மிதவையில் கயிறு இழுத்து, அதில் கைப்பிடி கைப்பிடியாகப் பாசியைக் கட்டிவிடுவோம். நாற்பத்தைந்து நாளில் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருநாள் அறுந்துபோன மிதவையைத் தேடி மூழ்கினேன். பாசி பவளப்பாறைமேல் ஏறிக் கம்பளி போலப் போர்த்தியிருந்தது. ஒரு பக்கம் விலக்கினேன். அடியில் பாறை வெளுத்துச் செத்துக் கிடந்தது. கூட வந்தவர் ஐயோ என்றார். எனக்கு என் பார் நினைவுக்கு வந்தது.

ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும், கண்ட இடத்தில் போடாதே என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுவருடம் சாக்குகளோடு வந்தேன். பெருநாளுக்கு ஊரே கோயிலில் இருந்த அன்று பாருக்குப் போய், பாறைக்குப் பாறை நைலான் கயிறு இழுத்துப் பாசியைக் கட்டினேன். என் அப்பா இடக்கைக்காரர். அவர் சொல்லித்தந்த முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றி முடியும். எனக்கு வேறு முடிச்சு வராது.

முதல் வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிப்பி குறைந்தது. குஞ்சுச் சிப்பி ஒட்டுவதற்கு வெறும் பாறை வேண்டும். பாறைதான் பாசிக்கு அடியில் போய்விட்டதே. பொந்துகள் அடைந்து சிங்கிறால் போயிற்று. கலவாதான் கடைசிவரை நின்று பார்த்தது. அதுவும் போயிற்று.

ஞானதாசன் என்னிடம் வந்தான். "அளியா, நீ அங்க வேல பாத்தவன்லா. இந்தப் பாசிய என்ன செய்யணும்னு சொல்லு."

"அறுத்து விடு. ஒழுக்குல தானா போயிரும்" என்றேன்.

நம்பினான். ஊரைத் திரட்டிக்கொண்டுபோய் இரண்டு வாரம் அறுத்தான். துண்டுகள் நீரோட்டத்தில் போயின. அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்து ஊர்களின் பார்களிலும் பாசி பிடித்துவிட்டது. மூன்று ஊர்களில் சிப்பி எடுக்கும் தொழில் நின்றது. அந்தப் பார்களில் நான் ஒரு துண்டும் கட்டவில்லை. அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஞானதாசன் விடவில்லை. போன வருடம் மூன்று மாதம் தனியாகப் போய் மூழ்கி அறுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வள்ளம் மட்டும் அங்கே நின்றது. பாசிக்கு அடியில் கிடந்த கயிற்றில் அவன் கால் மாட்டியிருந்தது. என் கயிறுதான். நான்தான் மூழ்கி அவனை எடுத்தேன். அந்த இடத்தில் எப்படி இறங்குவது என்று எனக்குத்தானே நன்றாகத் தெரியும்.

ஏழாம் நாள் பூசை முடிந்து லீமா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். உள்ளே நைலான் கயிற்று முடிச்சுகள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றைக்கூட அவன் அவிழ்க்கவில்லை. இரண்டு பக்கமும் வெட்டி, முடிச்சை மட்டும் எடுத்து வந்திருக்கிறான்.

"இது நம்ம அப்பா போடுத முடிச்சுலா அண்ணா" என்றாள். டப்பாவை மூடினாள். "ஏன் தனியாட்டுப் போறியன்னு எத்தன மட்டம் கேட்டேன். ஒண்ணுமே சொல்லேல்ல."

டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்த டப்பாதான் இது. உங்கள் குப்பியோடு இதையும் கொண்டுபோங்கள்.

அவன் எதற்காக மைக்கில் சொன்னான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பாருக்குப் போயிருந்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. காற்று எழும்பி நங்கூரக் கயிறு அறுந்தது. இரண்டு நாளாக நான் கரை சேரவில்லை. எங்கே போய்த் தேடுவது என்று ஊருக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சொன்ன பிறகு எழுபது வள்ளங்கள் பாரிலிருந்து நீரோட்டத்தின் போக்கில் பரவித் தேடின. புதன்கிழமை காலையில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த என்னை அவன்தான் தூக்கினான். "கெடச்சிட்டான் மக்கா, கெடச்சிட்டான்" என்று கத்தி அழுதான்.

அவன் ஒருவனே வந்திருக்கலாம். அந்தக் காற்றில் ஒற்றை வள்ளத்தால் தேடியிருக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

என் வருத்தம் வேறு. இந்த முடிச்சுகளைப் பற்றி அவன் மூன்று மாதம் லீமாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ரகசியம் காக்கத் தெரிந்தவன்தான். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நாங்கள் எல்லோரும் இன்று நன்றாக இருந்திருப்போம்.